முறைப்பாட்டை எங்கே கொடுப்பது? கொழும்பில் வேலை பார்ப்பவருக்கு இருக்கும் வழிகள்

கந்தோரில் மேலதிகாரி ஒருவர் வரம்பு மீறுகிறார். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப் செய்தி, லிப்டில் உரசல், "சனிக்கிழமை தனியாக வந்தால் நிரந்தர நியமனம் பற்றிப் பேசலாம்" என்ற பேச்சு. இனிப் பொறுக்க முடியாது என்று தீர்மானித்த பிறகு வரும் கேள்விதான் கடினம். எங்கே போவது? கொம்பனியின் மனிதவளப் பிரிவுக்கா, பொலிஸுக்கா, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கா? பேஸ்புக்கில் எழுதிவிடுவதா? பேசாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடுவதா?

கேட்டால் இரண்டு வகை அறிவுரைதான் கிடைக்கும். வீட்டார் "பெயர் கெட்டுப்போகும், விட்டுத்தள்ளு" என்பார்கள். கூட வேலை செய்பவர்கள் "பொலிஸில் ஒரு என்ட்ரி போடு" என்பார்கள். முடிவில் உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. தொந்தரவு நின்றால் போதுமா, அந்த ஆளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டுமா, வேலை நிலைக்க வேண்டுமா, போன வேலைக்கு நட்டஈடு வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு, காலக்கெடு வேறு. ஆகக் குறுகிய கெடு ஒரே ஒரு மாதம். அது தெரியாமலே பலருக்கு அந்த மாதம் கடந்துவிடுகிறது. ஆகவே வழியைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் கேட்பது, உங்கள் சம்பளம் அரசிடமிருந்து வருகிறதா தனியாரிடமிருந்தா என்பதைத்தான். அடுத்து, சம்பவம் நடந்து எத்தனை நாள் ஆகிறது என்பது.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

இலங்கையில் பாலியல் தொந்தரவு ஒரு குற்றம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 345ஆம் பிரிவு இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை இன்றைய வடிவத்துக்கு மாற்றி எழுதியது. தாக்குதலாலோ பலவந்தத்தாலோ ஒருவரைப் பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வது மட்டுமின்றி, சொல்லாலோ செயலாலோ அப்படிச் செய்வதும் அதில் அடங்கும். தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வாய்ப்பேச்சும் போதும். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் வேலைத்தலத்திலோ வேறு இடத்திலோ விரும்பாத பாலியல் அணுகுதலைச் செய்தால் அதுவும் இந்தக் குற்றமே என்று அந்தப் பிரிவின் விளக்கக் குறிப்பு நேராகவே சொல்கிறது. தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் கட்டளையிடலாம். இதைவிடக் கடுமையான செயல்களுக்கு 365ஆ என்ற பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகப் பிரிவும், வன்புணர்வுக்கான 363ஆம் பிரிவும் தனியாக உண்டு.

345 பெண்களுக்கு மட்டுமான பிரிவு இல்லை. "வேறொரு ஆள்" என்றுதான் எழுதியிருக்கிறது. ஆண்களும் முறைப்பாடு செய்யலாம். ஆனால் தன்னைத் தொந்தரவு செய்தவரும் ஆண் என்றால், ஒருபாலுறவைக் குற்றமாகப் பார்க்கும் 365அ பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கும் நாட்டில், பொலிஸ் நிலையத்தில் தன்னையே திருப்பிக் கேள்வி கேட்பார்களோ என்று அவர் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

இப்போது இல்லாததற்கு வருகிறேன். நம்மவர்கள் பலர் சென்னையிலிருந்து வரும் யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "பத்துப் பேருக்கு மேல் வேலை செய்தால் கட்டாயம் ஒரு குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்" என்கிறார்கள். அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். யூனியன் பிளேஸ் கந்தோருக்கும் புறக்கோட்டைத் துணிக்கடைக்கும் அது செல்லாது. அதைப்போல எல்லாத் தனியார் நிறுவனங்களையும் உள்ளக முறைப்பாட்டுக் குழு அமைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டத்தின்மேல் இங்கே நீங்கள் சாய்ந்து நிற்க முடியாது. இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2013இல் ஒரு நடத்தைக் கோவையை வெளியிட்டன. நல்ல ஆவணம்தான், ஆனால் ஏற்பதும் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். அதனால் தனியார் துறையில் உள்ளக விசாரணை எப்படி நடக்கும் என்பது, உங்கள் கொம்பனி எதை எழுதி வைத்திருக்கிறது, யார் அதை நடத்துகிறார் என்பதில் தங்கியிருக்கிறது.

கொம்பனிக்குள் முறைப்பாடு

இதன் பலம் வேகம். அந்த ஆளை வேறு கிளைக்கு மாற்றலாம், எச்சரிக்கலாம், வேலையிலிருந்து நீக்கலாம், உங்களை அவருக்குக் கீழிருந்து வேறொருவருக்குக் கீழே கொண்டுவரலாம். இவற்றை ஒரு நீதவான் செய்துதர மாட்டார். குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உள்ளக விசாரணையில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். ஆகவே "தொந்தரவு நின்றால் போதும், வேலை வேண்டும்" என்பவருக்கு, நிறுவனம் ஓரளவு ஒழுங்கானதாக இருந்தால், இதுதான் முதல் வழி. வெளிநாட்டு வாங்குநர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளும் வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள ஐடி நிறுவனங்களும் இதில் கொஞ்சம் கவனமாக நடக்கும். வாங்குநரின் நடத்தைக் கோவை அவர்கள் கழுத்தில் இருக்கிறது. முதலாளியும் மனிதவளப் பிரிவும் காசாளரும் ஒரே குடும்பமாக இருக்கும் இடத்தில், அதிலும் தொந்தரவு செய்பவர் முதலாளியின் மைத்துனராக இருந்தால், இந்த வழியில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாய்மொழியாகச் சொன்னது முறைப்பாடு ஆகாது. "மிஸ்ஸிடம் சொன்னேன், பார்க்கிறேன் என்றார்" என்பதற்குப் பிறகு ஒன்றும் நடக்காமல் போகும். மின்னஞ்சலில் எழுதுங்கள். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் எல்லாம் அதில் வர வேண்டும். அதன் ஒரு பிரதி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் போகட்டும், ஏனென்றால் வேலை போன அன்றே கொம்பனிக் கணக்கும் பூட்டப்படும். கடைசி வரியில் இத்தனையாம் திகதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன் என்று எழுதுங்கள். இரண்டு கிழமை நியாயமான அவகாசம்.

இதில் அடிக்கடி நடக்கும் ஒரு அநியாயம், முறைப்பாடு செய்தவரையே இடம் மாற்றுவது. "உங்கள் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லித் தூரக் கிளைக்கு அனுப்புவார்கள். அதை ஏற்பதானால், தற்காலிகமாக மட்டும் ஏற்கிறேன், என் பதவியும் சம்பளமும் குறையக்கூடாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். "பொலிஸுக்குப் போனால் நாங்கள் விசாரணையை நிறுத்திவிடுவோம்" என்று சொல்வதும் உண்டு. அப்படி நிறுத்தச் சொல்லிச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பொலிஸ்

தமிழ்க் குடும்பங்கள் கொழும்பில் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்குவதற்குப் பாலியல் விஷயம் என்ற வெட்கம் மட்டும் காரணம் இல்லை. பதிவு, சோதனை, இரவுச் சுற்றிவளைப்பு என்று வாழ்ந்த தலைமுறை இது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அதைப் பார்த்த அப்பா ஒருவர், மகளை வெள்ளவத்தைப் பொலிஸுக்குக் கூட்டிப் போக யோசிப்பது இயல்பு. பயந்தாங்கொள்ளி என்று அவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு சட்டத்தரணியோ, சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரோ துணைக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், நீங்கள் தமிழில் சொல்ல, ஒருவர் மொழிபெயர்க்க, வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும். "கையைப் பிடித்து இழுத்தார்" என்றது "கையைத் தொட்டார்" என்று சுருங்கிவிட்டால் வழக்கின் எடையே குறைந்துவிடும். அதனால் வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை ஒப்படைத்து மற்றதில் கையொப்பமும் முத்திரையும் வாங்கப் பாருங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பணியகம் இருக்கிறது, பெண் உத்தியோகத்தரிடம் சொல்லக் கேட்கலாம். எந்தப் பொலிஸ் நிலையம் என்றால், சம்பவம் நடந்த பகுதிக்குரியது. நீங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தாலும், கந்தோர் கொள்ளுப்பிட்டியில் என்றால் கொள்ளுப்பிட்டிதான்.

"சாட்சி இல்லையே" என்பதுதான் எல்லாரும் சொல்லும் தடை. இப்படியான காரியம் ஊர் கூட்டியா நடக்கும்? சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த விஷயத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கே இல்லை என்கிறது. நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும், அது நீங்களாகவே இருக்கலாம். அதற்குத் துணையாக, சம்பவம் நடந்த அன்றே தங்கைக்கோ சிநேகிதிக்கோ அனுப்பிய செய்தி, லிப்ட் கமராப் பதிவு, அழைப்புப் பட்டியல் எல்லாம் உதவும். ஸ்க்ரீன்ஷொட் எடுத்தால் போதும் என்று நினைத்து மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனையும் மாற்ற வேண்டாம். கமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துபோகும், ஆகவே அதைப் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள்.

பொலிஸ் வழியின் குறை நேரம். விசாரணை, நீதவானுக்கு அறிக்கை, பிணை, குற்றப்பத்திரம், தவணைக்கு மேல் தவணை என்று ஆண்டுக்கணக்கில் இழுபடலாம். ஒவ்வொரு தவணைக்கும் லீவு எடுத்துப் போக வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணை இனிமையாக இருக்காது. வழக்கு நடக்கும் காலத்தில் உங்களையோ சாட்சியையோ மிரட்டினால் அது தனிக் குற்றம். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அதற்காகவே இருக்கிறது.

சில வேளை பொறுப்பதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு "சமாதானமாகப் போங்கள்" என்பார். இதை ஒரேயடியாக மறுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தொந்தரவு நின்றால் போதும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், இனி நெருங்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் உண்மையிலேயே பயன்படும். ஆனால் அந்த யோசனை உங்களிடமிருந்து வர வேண்டும், பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் தனிப்பட்ட பிராது போடவும் முடியும்.

உடலில் கைவைத்தால், பின்தொடர்ந்தால், படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினால், அன்றே பொலிஸுக்குப் போவதுதான் சரி. கொம்பனியின் இரண்டு கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். மற்றபடி குற்றவியல் வழக்குத் தொடர இங்கே பொதுவாக 20 ஆண்டு வரை காலம் இருக்கிறது. ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வி வரும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் போனதால் மட்டும் முறைப்பாடு செல்லாமல் போகாது.

அரச ஊழியர் என்றால் ஒரு மாதம்

அரச பாடசாலை, திணைக்களம், அரச வைத்தியசாலை, பல்கலைக்கழகம், அரச கூட்டுத்தாபனம் என்றால் உங்களிடம் தனியார் ஊழியருக்கு இல்லாத ஒரு வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தைத் தருகிறது. அதை அரச நிர்வாகம் மீறினால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போடலாம். இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்த பாலியல் தொந்தரவு தொடர்பான மனுவில், 2016இல் உயர் நீதிமன்றம் சமத்துவ உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் கெடு ஒரு மாதம். சம்பவம் நடந்து, வீட்டில் சொல்லலாமா என்று யோசித்து, அதிபரிடம் சொல்லி, அதிபர் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதி, அங்கிருந்து பதில் வருவதற்குள் மாதம் ஓடிவிடும். அதற்கு ஒரு மாற்று உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கட்டணம் கிடையாது. தமிழில் எழுதலாம், 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது. ஆணைக்குழு செய்வது பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. என்றாலும் அரச ஊழியருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் ஆணைக்குழு, அப்புறம் திணைக்கள ஒழுக்காற்று விசாரணை. அரச ஊழியர்களுக்கான விதிகளைக் கொண்ட தாபன விதிக்கோவையின் கீழான அந்த விசாரணை மெதுவாகத்தான் நகரும். அதற்காகக் காத்திருந்து மாதத்தை இழக்கக்கூடாது.

இன்னொரு வழியும் அரச அலுவலகங்களுக்கே உரியது. இடமாற்றமோ, பதவி உயர்வோ, ஒரு கையெழுத்தோ தருவதற்குப் பதிலாக உத்தியோகத்தர் உடலைக் கேட்டால் அது இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் சலுகையையும் கையூட்டாகவே பார்க்கிறது. கேட்டவர் மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நீங்கள் வெறும் பொதுமகளாக ஒரு பத்திரத்துக்குப் போயிருந்தாலும் போதும். கொழும்பு 7இல் மலலசேகர மாவத்தையில் உள்ள இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு, அல்லது 1954க்கு, அந்தக் கோரிக்கை உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர்களுக்கு அப்போதுதான் இடமிருக்கும். சண்டை போட்டு, போனை பிளொக் பண்ணிய பிறகு போனால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

பல்கலைக்கழக மாணவர்கள் பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். பகிடிவதையின்போது பாலியல் தொந்தரவு செய்தால் பத்து ஆண்டு வரை சிறை, அதாவது 345ஐவிட இரண்டு மடங்கு.

வேலையை விட்டுப் போவது

இதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் போர்டிங் வாடகை கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் காசு அனுப்பும் ஒரு பிள்ளைக்கு அமைதியாக வேறு வேலைக்கு மாறுவது மிகச் சரியான தீர்மானமாக இருக்கலாம். ஆனால் எப்படி விட்டுப் போகிறீர்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. பின்னால் மனம் மாறி, வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குப் போனால், நீங்களாகத்தானே விலகினீர்கள் என்று அந்தக் கடிதத்தையே காட்டுவார்கள். அதற்குப் பதிலாக, இன்ன காரணத்தால் இங்கே தொடர்ந்து வேலை செய்ய முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறது என்று உண்மையை எழுதிவிட்டு விலகினால், முதலாளியின் நடத்தையே உங்களை வெளியே தள்ளியது என்று வாதாட இடம் இருக்கும். அந்தச் சபைக்கு வேலை முடிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லவோ நட்டஈடு கொடுக்கச் சொல்லவோ அதற்கு அதிகாரம் உண்டு. தொழிற்சங்கம் உங்களுக்காக ஆஜராகலாம். புரொபேஷன் காலத்தில் இருப்பவர்களின் நிலை இங்கே பலவீனமானது, அதை மறைப்பதில் பயனில்லை.

நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு ஓடுபவர்களும் உண்டு. பிடித்து வைத்த சம்பளம், கட்டாத ஈபிஎஃப் என்றால் அது சரியான இடம். தொந்தரவுக்குத் தண்டனை கேட்டு அங்கே போவது வீண் அலைச்சல்.

மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கும் போடலாம், இரண்டு ஆண்டுக்குள். கைக்காசு செலவழித்து நீண்ட காலம் நடத்த வேண்டும் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

பேஸ்புக்

பெயரைப் போட்டு எழுதிவிட்டால் உடனே ஆயிரம் பேர் துணைக்கு வருவார்கள் என்பது உண்மை. மற்ற எல்லா இடமும் கைவிட்ட பிறகு எழுதியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் அடியாக இதை எடுப்பது உங்களுக்கே பாதகம். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே அதற்காகச் சிறை என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். சிவில் மானநஷ்ட வழக்கு இன்னும் இருக்கிறது. பெரிய தொகை கேட்டுச் சட்டத்தரணியின் கடிதம் வரும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்றுகளுக்கு எதிரான பிரிவுகளும் உள்ளன, அதைத் தூக்கிக் காட்டியும் மிரட்டலாம். அதே சட்டம் உங்களுக்கும் உதவும். உங்கள் தனிப்பட்ட விவரங்களை இணையத்தில் பரப்பித் தொந்தரவு செய்தால் அது அதன் கீழ் குற்றம். முதலில் முறைப்பாடு, அதன் இலக்கம் கையில் கிடைத்த பிறகு எழுத்து. இந்த வரிசையில் போனால் நீங்கள் சொல்வதற்கு ஒரு பதிவு பின்னால் நிற்கும்.

பஸ்ஸில், ரயிலில்

வேலைத்தலத்தைவிட அதிகமானோருக்கு இது நடப்பது 100ஆம், 138ஆம் இலக்க பஸ்களில் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் வரும்போதுதான். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நடத்திய ஆய்வில், கேட்கப்பட்ட பெண்களில் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 சதவீதம்தான். இங்கே வழிகளை ஒப்பிட அதிகம் இல்லை. ஆளின் பெயர் தெரியாது, அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவான். சத்தம் போடுவது, முடிந்தால் படம் எடுப்பது, பஸ்ஸின் பதிவு இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது, 119க்கு அழைப்பது. 345 இதற்கும் பொருந்தும். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற கசப்பு நியாயமானது. ஆனாலும் "ஐயா, கையை எடுங்க" என்று உரத்துச் சொன்னால் ஆள் விலகுவது பெரும்பாலும் நடக்கும்.

துணைக்கு யார்

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் மேலே சொன்ன தெரிவுகளை எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு நேரே சொல்லுங்கள். பெரியவர்களுக்கு, எந்த வழி என்று முடிவெடுக்கும் முன்பே பேசிப் பார்க்க 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது. விமென் இன் நீட் அமைப்பு 1987இலிருந்து கொழும்பில் ஆற்றுப்படுத்தலும் சட்ட ஆலோசனையும் தருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தரும். தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார் என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டைப் பிரதி, நியமனக் கடிதம், கடைசிச் சம்பளத் துண்டு, செய்திகளின் அச்சுப் பிரதி, சம்பவங்களைத் திகதி வாரியாக எழுதிய ஒரு தாள் ஆகியவை கையில் இருந்தால் ஒரே நாளில் வேலை நகரும். அந்தத் தாளை இன்றைக்கே எழுதத் தொடங்கலாம். எந்த வழியில் போவது என்று இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் பரவாயில்லை.